பாதி ஓடுபாதையின் விலை

"ஹோல்ட் ஃபார் வேக் டர்புலன்ஸ்." அமெரிக்காவில் சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்த வாக்கியம் இது. முன்னால் போன விமானம் கிளப்பிவிட்ட காற்றுச் சுழல் அடங்கும்வரை நில் என்பது உத்தரவு.

3,000 மீட்டர் நீளமுள்ள ஓர் ஓடுபாதையை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவில் வந்து சேரும் டாக்ஸிவே (விமானங்கள் ஓடுபாதைக்கு உருண்டு வரும் வழி) ஒன்றில், நான்கு பேர் உட்காரக்கூடிய ஒற்றை இன்ஜின் விமானமான செஸ்னா 172 கிளம்பத் தயாராக நிற்கிறது. சற்றுமுன் ஒரு போயிங் 737 இதே பாதையில் எழும்பிப் போய்ப் புள்ளியாகிவிட்டது. பாதை காலி. வானம் பளிச்சென்று இருக்கிறது. காற்று அசையவே இல்லை. ஆனாலும் அனுமதி வரவில்லை. வாடகை விமானமாக இருந்தால் எரிச்சல் இரட்டிப்பாகும். பல விமானப் பள்ளிகளில் வாடகை ஹாப்ஸ் மீட்டர் கணக்குப்படிதான். இன்ஜின் ஓடும்வரை அந்த மீட்டரும் ஓடும்; விமானம் பறக்கிறதா, நிற்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

விதி இதுதான். செஸ்னா போன்ற சின்ன விமானம், ஓடுபாதையின் தொடக்கத்திலிருந்து அல்லாமல் இடையிலிருந்து கிளம்பினால், அதற்கு 'இன்டர்செக்‌ஷன் டேக்-ஆஃப்' என்று பெயர். அப்படிக் கிளம்பும்போது, முன்னால் போன பெரிய விமானம் தரையை விட்டு 3 நிமிடமாவது ஆன பிறகுதான் சின்ன விமானம் ஓடத் தொடங்கலாம். அதே செஸ்னா பாதையின் தொடக்கத்துக்கே போய் நின்றிருந்தால்? 737-க்குப் பின்னால் இந்த 3 நிமிடக் கட்டாயம் அமெரிக்காவில் கிடையாது. சுழல் இருக்கலாம், கவனம் என்று ஓர் எச்சரிக்கை சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

முன்னால் போன விமானம் ஒன்றுதான், அது விட்டுப்போன காற்றும் ஒன்றுதான். நிற்கும் இடம் மாறினால் விதி மாறுகிறது. பார்த்தால் அலுவலகத்தனமான குழப்பம்போலத் தெரியும். உண்மையில் விமான விதிகளில் இவ்வளவு சுத்தமாக இயற்பியலைப் பின்பற்றுகிற விதிகள் அதிகமில்லை என்பது என் எண்ணம்.

இறக்கை விமானத்தைத் தாங்குவது காற்றைக் கீழே தள்ளுவதன் மூலம்தான். இறக்கைக்கு அடியில் அழுத்தம் கூடுதல், மேலே குறைவு. இறக்கை நுனியில் இந்த இரண்டையும் பிரித்து வைக்க எதுவும் இல்லை. ஆகவே அடியிலுள்ள காற்று நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. விமானம் முன்னேறிக்கொண்டே இருப்பதால் அந்தச் சுற்று பின்னால் நீளமான சுருளாகத் தங்கிவிடுகிறது. பின்னாலிருந்து பார்த்தால் இடது நுனிச் சுருள் கடிகார முள் திசையிலும், வலது நுனிச் சுருள் அதற்கு எதிர்த் திசையிலும் சுழலும். இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் 1907-லேயே இதை ஊகித்து எழுதிவிட்டார். ஜெர்மனியின் கோட்டிங்கனில் லுட்விக் பிரான்டல் முதல் உலகப்போர்க் காலத்தில் இதைக் கணக்காக்கினார். ஆனால் விமானம் ஓட்டியவர்களிடம் இந்த அறிவு போய்ச் சேர வெகுகாலம் பிடித்தது. இன்னொரு விமானத்தின் பின்னால் போகும்போது வரும் உலுக்கலுக்குக் காரணம் அதன் புரொபெல்லர் வீசும் காற்று என்றே அவர்கள் நம்பினார்கள். புரொபெல்லர் இல்லாத ஜெட் விமானங்கள் வந்தன. உலுக்கல் போகவில்லை, கூடியது. குற்றவாளி இறக்கைதான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

1990 மே மாதம் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் நாசா ஒரு சோதனை செய்தது. தரையிலிருந்து நிறப் புகையை எழுப்பி, அதனூடாகப் பயிருக்கு மருந்து தெளிக்கும் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டார்கள். விமானம் கடந்துபோன பிறகு இறக்கை நுனி இருந்த இடத்தில் செந்நிறப் புகை ஒரு பெரும் சுருளாகத் திரண்டு எழுந்தது. விமானத்தைவிடச் சுருள் பெரிது. அந்தப் படம் இன்று உலகம் முழுதும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. மருந்து தெளிக்கும் விமானத்துக்கே இவ்வளவு என்றால் 737-க்கு எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கடினமில்லை. சுழலின் வலிமை விமானத்தின் எடைக்கு நேர் விகிதம். வேகத்துக்கும் இறக்கை நீளத்துக்கும் தலைகீழ் விகிதம். கனமாக, மெதுவாகப் பறக்கும் விமானத்தின் சுழல்தான் மிக வலியது. விமானம் கனமாகவும் மெதுவாகவும் இருப்பது எப்போது? எரிபொருள் நிரப்பிக்கொண்டு தரையை விட்டு எழும்பும் அந்தக் கணத்தில்தான். 70 டன் எடையுள்ள 737, முழு எடை செஸ்னாவைப்போல் 60 மடங்கு கனம். ஆனால் அதன் இறக்கை நீளம், வேகம் அதிகம் என்பதால் சுழலின் வலிமை செஸ்னாவுடையதைப்போல் எட்டு, ஒன்பது மடங்குதான். ஆறுதலாகத் தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

அந்தச் சுழலின் மையத்திலிருந்து 5 மீட்டர் தள்ளிக் காற்று வினாடிக்கு ஏறக்குறைய 8 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. செஸ்னாவின் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். அது சுழலின் நடுவில் சிக்கினால் ஓர் இறக்கை நுனியை வினாடிக்கு 8 மீட்டர் காற்று மேலே தள்ளும், மறு நுனியை அதே வேகத்தில் கீழே அமுக்கும். ஏறிக்கொண்டிருக்கும் செஸ்னாவின் வேகம் வினாடிக்கு 38 மீட்டர்தான். ஆக ஒரு நுனியில் காற்று இறக்கையைத் தாக்கும் கோணம் 12 பாகை கூடுகிறது, மறு நுனியில் 12 பாகை குறைகிறது. இதுபோன்ற இறக்கை ஏறத்தாழ 15, 16 பாகைக்கு மேல் தூக்கு விசையை இழந்துவிடும். ஏறும்போது ஏற்கெனவே அந்த அளவில் பாதியை அது செலவழித்திருக்கும். கணக்கு முடிந்தது. விமானம் உருளும், விமானி கட்டுப்பாட்டுச் சக்கரத்தை எதிர்ப்பக்கம் முழுக்கத் திருப்பினாலும் உருளும்.

இதே சுழலில் இன்னொரு 737 நுழைந்தால் கடுமையாகக் குலுங்கும், பெரும்பாலும் சமாளித்துவிடும். அதன் இறக்கை சுழலின் தீவிரமான பகுதிக்கு வெளியேயும் நீள்கிறது. உருளலை எதிர்க்கும் மடிப்புகள் அந்த நீண்ட முனையில்தான் இருக்கின்றன. கிணற்று வாயைவிட நீளமான கழி குறுக்கே தங்கிவிடும், குட்டையான கழி உள்ளே போய்விடும். சின்ன விமானத்தின் சிக்கல் எடை குறைவு என்பதைவிட இறக்கை குட்டை என்பதுதான்.

இனி சுழல் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். விதியின் சூட்சுமம் அங்கேதான்.

இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று கீழே அழுத்துகின்றன. இடது சுருளின் காற்று வலது சுருள் இருக்கும் இடத்தில் கீழ்நோக்கி வீசுகிறது. வலது சுருள் இடதுக்கும் அதையே செய்கிறது. இந்த ஜோடி அப்படியே கீழே இறங்கும். நமது 737-க்கு நிமிடத்துக்குச் சுமார் 280 அடி. பெரிய விமானங்களுக்கு இன்னும் வேகம். 2017 ஜனவரி 7 அன்று மாலேயிலிருந்து அபுதாபிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சேலஞ்சர் 604 ரக ஜெட், அரபிக் கடலின் மேல் 34,000 அடி உயரத்தில், எதிரே வந்த ஓர் ஏர்பஸ் ஏ380-க்கு 1,000 அடி கீழே கடந்துபோனது. விதிப்படி எந்தத் தவறும் இல்லை. ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் சேலஞ்சர் பலமுறை உருண்டு சுமார் 9,000 அடி சரிந்தது. விமானிகள் அதை மீட்டு மஸ்கட்டில் இறக்கினார்கள். ஆனால் அந்த விமானம் மறுபடி பறக்கவில்லை. கட்டுமானம் அவ்வளவு திரிந்துபோயிருந்தது. ஏ380 விட்டுப்போன சுருள் தன் பாட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

தரைக்கு அருகில் கதை மாறும். கீழே இறங்க இடமில்லாததால் சுருள்கள் ஒன்றையொன்று விட்டு விலகிப் பக்கவாட்டில் நகர்கின்றன. கோட்பாட்டின்படி அவை இறங்கி நிற்கும் உயரம் சுருள்களுக்கு இடையிலான தூரத்தில் பாதி. 737-க்கு அது 14 மீட்டர், அதாவது 46 அடி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு சுருளும் பக்கவாட்டில் நகரும் வேகம் வினாடிக்குச் சுமார் 1.4 மீட்டர், அதாவது 3 நாட்-க்கு (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) சற்றுக் குறைவு. அமெரிக்க விமானிகளின் அதிகாரபூர்வக் கையேடு 2 முதல் 3 நாட் என்கிறது. காகிதத்தில் போட்ட கணக்கும் களத்தில் அளந்ததும் இவ்வளவு அழகாகப் பொருந்துவது காற்றியலில் அரிது.

இதிலிருந்து ஒரு விபரீதமான முடிவு வருகிறது. ஓடுபாதைக்குக் குறுக்கே 3 நாட் காற்று வீசுகிறது என்று வையுங்கள். காற்றுப்போக்கில் இருக்கும் சுருள் இரட்டை வேகத்தில் ஓடிவிடும். காற்று வரும் பக்கத்துச் சுருளோ எதிர்காற்றில் நடப்பதுபோல அங்கேயே நின்றுவிடும், ஓடுபாதையின் மேல். 3 நாட் என்பது முகத்தில் உணரக்கூட முடியாத காற்று. 15 நாட் காற்றில் திணறும் புது விமானிக்கு அந்த நாள் பயமாக இருக்கும், ஆனால் அந்தக் காற்று சுழல்களைக் கூட்டி வெளியே தள்ளிவிடும். பறப்பதற்கு அருமை என்று எல்லோரும் சொல்லும் அசைவற்ற காலைதான் சுழல்களுக்கும் அருமையான காலை. காற்றுக் கொந்தளிப்பு இருந்தால் சுருள்கள் சீக்கிரம் கலையும். அமைதியில் அவை நெடுநேரம் நிற்கும். கடைசியில் இரண்டும் அலையலையாக வளைந்து, ஒன்றையொன்று தொட்டு, வளையங்களாக அறுந்து அழியும். எஸ். சி. க்ரோ 1970-ல் இந்த அழிவைக் கணக்கில் விளக்கினார். உயரே போகும் ஜெட்டின் வெண்புகைக் கோடு சங்கிலிபோல முடிச்சு முடிச்சாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் விளக்கியது அதைத்தான்.

கலிபோர்னியாவில் சான்டா அனாவிலுள்ள ஜான் வேய்ன் விமான நிலையத்தில் இதை இன்னொரு விதமாகக் காணலாம். அங்கே இரண்டு ஓடுபாதைகள். பயணிகள் ஜெட்டுகளுக்கு 5,701 அடி, சின்ன விமானங்களுக்கு 2,887 அடி. இரண்டுக்கும் இடையே 500 அடிதான். 3 நாட் குறுக்குக்காற்றில் பெரிய பாதையின் சுருள் சின்னப் பாதையை எட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. பக்கத்துப் பாதை 2,500 அடிக்குள் இருந்தால் சுழல் விஷயத்தில் இரண்டும் ஒரே பாதை என்று விதி வைத்திருப்பது வீண் பயமில்லை.

இப்போது நம் செஸ்னாவிடம் திரும்புவோம். சுழல் பிறப்பது விமானம் மூக்கைத் தூக்கும் இடத்தில். ஓடுபாதையில் உருளும்வரை இறக்கை எடையைத் தாங்குவதில்லை, ஆகவே சொல்லத்தக்க சுழலும் இல்லை. 737 தொடக்கத்திலிருந்து 1,800 மீட்டரில் மூக்கைத் தூக்கியது என்று கொள்வோம். அதற்கு முன்னால் உள்ள 1,800 மீட்டர் பாதையின் மேல் சுழல் கிடையாது.

செஸ்னா 172எஸ் ரகத்தின் கையேட்டு எண்களை எடுத்துக்கொள்ளலாம்: கடல்மட்டத்தில், முழு எடையில், 293 மீட்டர் ஓடித் தரையை விடும். சுமார் 500 மீட்டரில் 50 அடி உயரத்தில் இருக்கும். பிறகு நிமிடத்துக்கு 730 அடி ஏறும். தொடக்கத்திலிருந்து கிளம்பியிருந்தால், 737 மூக்கைத் தூக்கிய 1,800 மீட்டர் இடத்துக்கு வரும்போது அது ஏறத்தாழ 460 அடி உயரத்தில் இருக்கும். சுழல்கள் அங்கேதான் பிறக்க ஆரம்பிக்கின்றன, பிறந்தவை கீழே இறங்குகின்றன. செஸ்னா அவற்றுக்கு வெகு மேலே.

அதே செஸ்னா 1,500 மீட்டரில் உள்ள டாக்ஸிவேயிலிருந்து கிளம்பட்டும். 1,790 மீட்டரில் சக்கரம் தரையை விடும். 2,000 மீட்டரில் 50 அடி. அந்த இடத்தை 737 கடந்தபோது அது 100 அடிக்குள்தான் இருந்தது. அதன் சுருள்கள் அரை நிமிடத்துக்குள் தரையருகே இறங்கி, 46 அடி உயரத்தில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். மெல்லிய குறுக்குக்காற்று இருந்தால் ஒன்று நகரவும் செய்யாது. செஸ்னா, தன் ஆயுளிலேயே மிக மெதுவாகவும் மிகத் தாழ்வாகவும் பறக்கும் அந்த இடத்தில், மிகச் சரியாகச் சுருளின் உயரத்துக்கே வந்து சேருகிறது. உருண்டால் மீள உயரம் இல்லை. திட்டம் போட்டுச் செய்தாலும் இவ்வளவு துல்லியமாகச் செய்ய முடியாது.

விதி வேறுபடுவதன் காரணம் இவ்வளவுதான். தொடக்கத்திலிருந்து கிளம்புகிறவரைப் பாதையின் நீளம் காப்பாற்றுகிறது. நடுவிலிருந்து கிளம்புகிறவருக்கு அந்தக் காப்பு இல்லை, ஆகவே கடிகாரத்தைக் கொடுக்கிறார்கள். இந்தியாவும் பின்பற்றும், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்காவோவின் விதிகளில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும்: நடுத்தர விமானத்துக்குப் பின்னால் சின்ன விமானம் அதே பாதையின் தொடக்கத்திலிருந்து கிளம்பினால் 2 நிமிடம், இடையிலிருந்து கிளம்பினால் 3 நிமிடம். அந்தக் கூடுதல் ஒரு நிமிடம், விட்டுக்கொடுத்த உயரத்துக்கு ஈடு. அமெரிக்க விதியிலுள்ள ஒரு விலக்கும் இதே தர்க்கம்தான்: முன்னவர் கிளம்பிய இடத்துக்கும் டாக்ஸிவேக்கும் இடையே 500 அடிக்கு மேல் இல்லையென்றால், இருவரும் ஒரே திசையில் போகிறார்களென்றால், 3 நிமிடம் தேவையில்லை. 150 மீட்டரில் கணக்கு பெரிதாக மாறிவிடாது.

இந்தக் கடிகாரம் எவ்வளவு நம்பத்தகுந்தது என்பது தனிக் கேள்வி. யாருக்கு எத்தனை நிமிடம், எத்தனை மைல் என்பதை வெகுகாலம் எடையை மட்டும் வைத்துத் தீர்மானித்தார்கள். அதற்கான விலை உயிர்களில் கொடுக்கப்பட்டது. 1972 மே 30 அன்று டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் ஒரு டிசி-10-க்குப் பின்னால் பயிற்சிக்காக இறங்க வந்த டெல்டா நிறுவனத்தின் டிசி-9 விமானம் ஓடுபாதையின் மேலேயே உருண்டு விழுந்தது. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். செஸ்னா அல்ல, டிசி-9, பயணிகள் ஜெட். அகல உடல் விமானங்களுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை அந்த விபத்துக்குப் பிறகு புதிதாக யோசிக்க வேண்டியதாயிற்று.

அடுத்து போயிங் 757. அன்றைய அமெரிக்கக் கணக்கில் 3,00,000 பவுண்டுக்கு மேல் இருந்தால்தான் 'ஹெவி'. 757 அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றது. ஆகவே அதன் பின்னால் வருகிறவர்களுக்குச் சிறப்பு இடைவெளி எதுவும் இல்லை. 1992 டிசம்பர் 18 அன்று மொன்டானாவின் பில்லிங்ஸில் 757-ன் பின்னால் இறங்க வந்த ஒரு செஸ்னா சைட்டேஷன் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். ஓராண்டு கழித்து, 1993 டிசம்பர் 15 அன்று, மேலே சொன்ன அதே ஜான் வேய்ன் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த வெஸ்ட்விண்ட் ஜெட் ஒன்று 757-ன் சுழலில் சிக்கி ஐந்து பேர் இறந்தார்கள். இன்-என்-அவுட் பர்கர் நிறுவனத்தின் தலைவர் ரிச் ஸ்னைடர் அவர்களில் ஒருவர். இரண்டு விபத்திலும் பின்னால் வந்தவர் முன்னால் போனவரின் பாதைக்குக் கீழே பறந்திருந்தார். நேரமும் தூரமும் ஒரு பக்கம் இருக்கட்டும். யார் மேலே, யார் கீழே என்பதே முடிவைத் தீர்மானித்தது. 1994-ல் 757-க்கென்று தனி இடைவெளி வந்தது. எடைக் கோட்டையும் பிறகு 2,55,000 பவுண்டுக்கு இறக்கினார்கள்.

அண்மைக் காலத்தில் இந்தப் பிரிவுகளை எடையோடு இறக்கை நீளத்தையும் சேர்த்துத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். 2012 நவம்பரில் ஃபெட்எக்ஸ் சரக்கு விமானங்களின் தலைமையிடமான மெம்ஃபிஸில் இந்தத் திருத்தம் முதலில் நடைமுறைக்கு வந்தது. அங்கே பெரிய விமானங்கள் முன்னைவிட நெருக்கமாக வர முடிந்தது. வியன்னா விமான நிலையத்தில் 2019-ல் ஜெர்மானிய விண்வெளி மையத்தார் ஓடுபாதைக்கு முன்னால் நிமிர்ந்த பலகைகளை வரிசையாக நட்டுப் பார்த்தார்கள். தரையருகே வரும் சுருள் அவற்றில் மோதிச் சீக்கிரம் கலைகிறது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் எல்லாம் நெரிசலான பெரிய நிலையங்களில் ஜெட்டுகளின் வரிசையைச் சுருக்கச் செய்தவை. எந்தப் பட்டியலிலும் கடைசிப் பெட்டியில் இருக்கும் செஸ்னாவுக்கு இதனால் பெரிய மாற்றமில்லை. டாக்ஸிவேயில் நிற்கிறவருக்கு இன்றும் அதே 3 நிமிடம்தான்.

அமெரிக்காவில் அவருக்கு ஒரு வசதி உண்டு. "ரிக்வெஸ்ட் வேய்வர் டு த்ரீ மினிட் இன்டர்வெல்" என்று கேட்கலாம். மற்ற போக்குவரத்து இடம்கொடுத்தால் கோபுரம் உடனே அனுப்பிவிடும். ஹெவி ரக விமானத்துக்குப் பின்னாலும், 757-க்குப் பின்னாலும் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஏ380-க்குப் பின்னால் 4 நிமிடம், அதுவும் கட்டாயம். ஆனால் 737-க்கும் அதுபோன்றவற்றுக்கும் பின்னால் கேட்கலாம். கேட்டதும் சுழலின் பொறுப்பு கோபுரத்திடமிருந்து விமானிக்கு மாறிவிடுகிறது. காற்றில் எதுவும் மாறுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்குகிறார் அவர்.

இந்தச் சலுகை அர்த்தமற்றது என்று சொல்லமாட்டேன். பாதைக்குக் குறுக்கே 15 நாட் காற்று அடிக்கிறது, காற்று வரும் பக்கமாக உடனே திரும்பப் போகிறோம், முன்னால் போனதும் ஒரு சின்ன ஜெட்தான் என்றால், தெரிந்த விமானி நியாயமாகவே கேட்கலாம். கவலை தருவது வேறு. பெரும்பாலும் இது கேட்கப்படுவது மீட்டர் ஓடுகிறதே என்ற எரிச்சலில், பின்னால் இரண்டு ஜெட் காத்திருக்கிறதே என்ற கூச்சத்தில். இந்த இரண்டுக்கும் காற்றின் நிலைமைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அசைவற்ற காலையில்தான் எல்லோருக்கும் நிதானம் குறைகிறது. சுழல்கள் அதிகநேரம் வாழ்வதும் அந்தக் காலையில்தான்.

மீட்டர் கணக்கையே பார்ப்போம். 1,500 மீட்டரில் உள்ள டாக்ஸிவேயிலிருந்து கிளம்பாமல் பாதையின் தொடக்கம்வரை உருண்டு போக, 15 நாட் வேகத்தில், மூன்றேகால் நிமிடம் ஆகும். டாக்ஸிவேயில் காத்திருக்க வேண்டியது 3 நிமிடம். மிச்சம் பிடித்தது கால் நிமிடம். அந்தக் கால் நிமிடத்துக்குக் கொடுத்தது 1,500 மீட்டர் ஓடுபாதையும் 460 அடி உயரமும். இன்ஜின் திடீரென்று நின்றால் நேராக இறங்குவதற்கு முன்னாலிருக்கும் பாதையும் சேர்த்துத்தான். பின்னால் விட்டுவந்த ஓடுபாதையால் பயனில்லை என்று பழைய விமானிகள் சொல்வார்கள். அவர்கள் நினைத்தது இன்ஜின் கோளாறை, ஆனால் சுழலுக்கும் அது அப்படியே பொருந்தும். விமானப் பள்ளியில் எனக்குச் செல்வாக்கு இருந்தால், மாணவர்கள் முதல் 50 மணி நேரம் முடிக்கும்வரை ஜெட்டுகள் ஓடும் பாதையில் இன்டர்செக்‌ஷன் டேக்-ஆஃப் கேட்கவே கூடாது என்று வைத்துவிடுவேன்.

முழு நீளமும் முழுக் காப்பு அல்ல. 737 செஸ்னாவைவிடச் செங்குத்தாக ஏறுகிறது. நூறு அடி முன்னேறினால் அது ஏறுவது சுமார் 15 அடி, செஸ்னா 10 அடி. ஆகவே 460 அடி மேலே ஆரம்பித்த செஸ்னாவின் பாதையை எங்கோ ஓரிடத்தில் 737-ன் பாதை மேலாகக் கடந்துவிடும். அதற்கு அப்பால் செஸ்னா சுழல்களுக்குக் கீழே பறக்கத் தொடங்கும், சுழல்களோ இறங்கிக்கொண்டிருக்கும். மேற்சொன்ன எண்களை வைத்துப் பார்த்தால் அந்த இடம் 1,800 மீட்டர் புள்ளியிலிருந்து இன்னும் 2.8 கிலோமீட்டர் தள்ளி, ஏறக்குறைய 1,400 அடி உயரத்தில் வருகிறது. சுருள்கள் இதற்குள் சிறிது இறங்கியிருக்கும் என்பதால் உண்மையில் இன்னும் சற்றுத் தள்ளியே. 460 அடியிலிருந்து அங்கே போய்ச் சேர செஸ்னாவுக்கு 70 வினாடிக்கு மேல் கிடைக்கிறது. காற்று வரும் பக்கமாகத் திரும்பிப் பெரிய விமானத்தின் தடத்தை விட்டு விலக அது தாராளம். கிளம்பும் முன்பே "சீக்கிரம் திரும்ப அனுமதி வேண்டும்" என்று கோபுரத்திடம் கேட்டுவைக்கலாம், அப்படித் திசைமாற்றி அனுப்ப விதியிலேயே இடம் இருக்கிறது. டாக்ஸிவேயிலிருந்து 3 நிமிடத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கிளம்பியவருக்கு இந்த 70 வினாடி கிடையாது; சக்கரம் தரையை விட்டபோதே அவர் தடத்துக்குள் இருக்கிறார்.